செத்த பொடி

பாத்திரம் துலக்கச் சாம்பலுக்கு ஈடு கிடையாது, சார். சோப்பில் எண்ணெய்ப் பிசுக்கு போகும், அடிப்பிடித்தது போகாது. அரசாங்கம் வீட்டுக்கு வீடு கேஸ் அடுப்பு கொடுத்ததும் எங்கள் ஊரில் சாம்பலுக்குப் பஞ்சம் வந்துவிட்டது.

நான் கோவர்த்தனன். வடமாலபேட்டைப் பக்கம் ஒரு கொட்டகையில் மேஸ்திரி. பெட்ரோல் சுத்திகரிக்கும் ஆலைகளில் கச்சா எண்ணெயோடு வினையூக்கி என்று ஒரு பொடி சேர்ப்பார்கள். எண்ணெயிலுள்ள நிக்கலும் வனேடியமும் அதில் ஏறிவிட்டால் வேலைக்கு ஆகாது; செத்த பொடி என்போம். அதுதான் லாரியில் எங்களுக்கு வரும். வறுத்து வனேடியம் எடுப்போம். மிச்சம் பின்னால் மேடாகக் குவிந்தது. பார்வைக்கு அசல் சாம்பல்.

அதற்கு முன் நானும் மனோரமாவும் பெங்களூரில் கட்டட வேலை செய்தோம். அங்கே தகரக் குடிசையில் எங்கள் பெண் குழந்தை காய்ச்சலில் போய்விட்டது. ஊர் திரும்பிய அன்று மனோரமா, "இனிமே என்னை எங்கியும் இட்டுக்கினு போவாத மாமா" என்று அழுதாள். சத்தியம் செய்து கொடுத்தேன். இந்தக் கொட்டகையை விட்டால் எனக்கு வேறு நாதி இல்லை.

மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் வரப்போகிறார்கள், மேட்டைக் காலி செய்யாவிட்டால் சீல் வைத்துவிடுவார்கள் என்றார் முதலாளி. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் தெரு லட்சுமம்மா வேலியோரம் வந்து நின்றாள்.

"அண்ணா, கேஸ் வந்தப்புறம் வூட்ல சாம்பலே இல்ல. இத்த கொஞ்சம் எடுத்துக்கினு போவட்டா?"

"கொஞ்சம் இன்னாத்துக்கு? மூட்டையா எடுத்துக்கினு போ. எல்லாரையும் வரச் சொல்லு."

வந்தார்கள். மேடு கரைந்தது. கொட்டகை பிழைத்தது.

அந்தப் பொடி உடம்பில் ஏறினால் நாக்கு பச்சையாகும், மூச்சு இழுக்கும். வறுக்கிற ஆட்களிடம் பார்த்திருக்கிறேன். அதனால் என் வீட்டுக்கு மட்டும் சோப்பு வாங்கிப் போட்டேன். லட்சுமம்மா நாக்கைக் காட்டியபோது, "இன்னா கீரை துன்ன?" என்று சிரித்தேன். ஆடிக்குள் அவள் போய்ச் சேர்ந்தாள். மாலை வாங்கிக்கொண்டு போனேன்.

பிறகு ஒருநாள் மனோரமா விடாமல் இருமினாள். வாயைத் திறக்கச் சொன்னேன். பச்சை. சோப்பு சரிப்படவில்லை என்று லட்சுமம்மாவிடம் அவளும் முன்பே ஒரு மூட்டை பொடி வாங்கி வைத்திருந்தாள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா, சார்? அவளிடம் சொன்னால் தெருவுக்கே தெரியும், கொட்டகையை மூடுவார்கள், மறுபடியும் பெங்களூர். "சூடு, வேற ஒண்ணுமில்ல" என்று மோர் கலந்து கொடுத்தேன். குடித்துவிட்டுப் பாத்திரம் துலக்கப் போனாள். நான் தடுக்கவில்லை. அடுத்த தை அவள் பார்க்கவில்லை.

எழுதிக்கொள்ளுங்கள், தெரிந்தேதான் செய்தேன். ஆனால் சத்தியத்தை மீறவில்லை, சார். மனோரமாவை நான் எங்கும் கூட்டிக்கொண்டு போகவில்லை.