காசைத் தேய்க்கக் கூடாது

“தேய்ச்சியா? எதை வச்சுடி தேய்ச்ச?”

“பல்பொடிதான்க்கா. அதை விடு, இந்த ஓரத்துல பாரு…”

“காசைத் தேய்க்காத, தேய்க்காதன்னு தொண்டைத் தண்ணி வத்தக் கத்துறேன், நீ…”

“கத்துனது போதும், இங்க பாருங்கறேன். உள்ள செவப்பா…”

“உறையை வேற உடைச்சிருக்க. உறை போனா மதிப்பு போச்சு. தெரியுமா, தெரியாதா?”

“மதிப்புன்னு ஒண்ணு இருந்தாத்தானேக்கா போறதுக்கு.”

சண்டை எதைப் பற்றி என்று கேட்டீர்களே தம்பி, இதைப் பற்றித்தான். பல்பொடியைப் பற்றி என்று எழுதிக்கொண்டாலும் தப்பில்லை. பக்கத்துக் கண்ணாடிக் கடைக்காரர் சத்தம் கேட்டது என்று சொல்லியிருக்கிறார் அல்லவா, அது என் சத்தம். என் தங்கச்சி சத்தம் போடுகிறவள் இல்லை. நாற்பது படுக்கை உள்ள வார்டில் நர்ஸாக இருந்து, தூங்குகிற நோயாளிகளுக்கு நடுவே நடந்தே பழகியவள். செருப்புச் சத்தம்கூடக் கேட்காது.

நிதானமாகவே சொல்கிறேன், உங்கள் ஏட்டு எழுதுகிற வேகத்துக்கு. வகுப்பெடுத்துப் பழகிய வாய் இது. நேற்று டீ வாங்கிக் கொடுத்தபோது நீங்கள் கேட்டீர்கள், “புதுசா தங்கம் வாங்கறவங்க காசா வாங்கலாமா, கட்டியா வாங்கலாமாம்மா? வீட்ல கேக்கறா” என்று. என் வாயைப் பிடுங்கத்தான் கேட்டீர்கள். அது தெரியாத அளவுக்கு நான் பால்குடி இல்லை. ஆனாலும் கேள்வி நல்ல கேள்வி. பதில் சொல்லாமல் விட எனக்கு மனசு வராது.

முதல் தடவை வாங்குகிறவர்கள் கட்டி வாங்குங்கள். இல்லையென்றால் எடைக்கு விற்கிற சாதாரணத் தங்கக் காசு. அதில் தங்கத்தின் விலைதான் விலை. மேலே கொஞ்சம் கூலி. பழசு, அபூர்வம், உலகத்திலேயே சிலதுதான் இருக்கிறது என்று யாராவது வெல்வெட் பெட்டியைத் திறந்தால், மூடச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். அது ஆசைப்பட்டுச் சேர்க்கிறவர்களின் சமாச்சாரம். அங்கே விலை சொல்வது உலோகம் இல்லை, விற்கிறவன் வாய். வாங்குகிற இடத்திலேயே, “இதை நாளைக்கு நானே கொண்டாந்தா நீங்க என்ன குடுப்பீங்க?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டு அவன் சொல்கிற தொகையைப் பார்க்காதீர்கள், அவன் முகம் போகிற போக்கைப் பாருங்கள். ஒரே கடையை நம்பாதீர்கள். வேறு கடையில் காட்டி எடை போடுங்கள். காசை விளிம்பில் பிடியுங்கள். என்ன அழுக்கானாலும் தேய்க்காதீர்கள். தேய்த்த காசைச் சேகரிக்கிறவன் தொடமாட்டான். அதன் முகத்தில் இருந்த காலம் போய்விடும்.

இதைத்தான் ஞாயிற்றுக்கிழமைதோறும் என் நாணயக் கடை மாடியில் சொல்லிக் கொடுத்தேன், காசு வாங்காமல். டெய்லரம்மா வருவார், ரிட்டையரான பஸ் டிரைவர் வருவார், புதிதாகக் கல்யாணமான ஜோடிகள் வருவார்கள். எல்லாருக்கும் நான் காசக்கா. உங்கள் அம்மாவும் ஒரு கோடையில் வந்தார். முன் பெஞ்சில் உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பார். நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் என்று உங்களால் காட்ட முடியுமா? முடியாது. வேறு கடையில் காட்டுங்கள் என்று நானே சொல்வேன். சொன்ன பிறகு ஒருவரும் போகமாட்டார்கள். அப்படிச் சொல்கிற ஆளை விட்டுவிட்டு யாரிடம் போய்க் காட்டுவது?

உள்ளே செம்பு வைத்து மேலே தங்கம் பூசிய காசுகளை நான் செய்யவில்லை. எழுதிக்கொள்ளுங்கள், இது முக்கியம். எனக்கும் அதை ஒருவன் விற்றான். வீட்டுக்காரர் தவறிப்போன வருஷம் அது. கடையை எடுத்து நடத்தத் தெரியாமல் நடத்தியபோது, கையிருப்பு முழுவதையும் கொடுத்து ஒரு பெட்டி காசு வாங்கினேன். எல்லாம் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் உறைக்குள் ஒட்டி மூடியது. அவன் என்னிடம் சொன்ன வார்த்தை, “உறையைப் பிரிச்சுடாதீங்கம்மா, மதிப்பு போயிடும்.” நான் பிரித்தேன். பிரித்துத் தேய்த்தேன். சிவப்பைப் பார்த்துக்கொண்டு சாயங்காலம்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அன்றைக்கு எனக்கு யாரும் டீ வாங்கிக் கொடுத்து விசாரிக்கவில்லை, தம்பி. இதே ஸ்டேஷனுக்கு வந்தேன். இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலியில் இருந்தவர், “பாத்து வாங்கியிருக்கணும்மா” என்றார். சரி, பார்த்து விற்கலாம் என்று போய்விட்டேன்.

யாருக்கு விற்றேன் என்று கேளுங்கள். விற்கவே போகாதவர்களுக்கு விற்றேன். அதுதான் என் கைப்பக்குவம். பத்து நிமிஷம் பேசினால் தெரிந்துவிடும், இந்த ஆள் நாளைக்கே திருப்பி விற்பானா, பீரோவில் வைத்து அவ்வப்போது எடுத்துப் பார்த்து நிம்மதியாகத் தூங்குவானா என்று. முதல் வகைக்கு நல்ல காசு. இரண்டாவது வகைக்கு அந்தக் காசு. எடுத்துப் பார்க்க மட்டும் வாங்குகிறவனுக்கு உள்ளே என்ன இருந்தால் என்ன? அவன் வாங்கியது நிம்மதி. அதை நான் குறை வைக்காமல் கொடுத்தேன். அதில் செம்பு கலக்கவில்லை. பெட்டி தீர்ந்ததும், அவனிடமே ஆள் அனுப்பி இன்னொரு பெட்டி வரவழைத்தேன். முகம் சுளிக்காதீர்கள், ஏட்டு எழுதட்டும்.

தங்கச்சி இரண்டாவது வகை. வருஷா வருஷம் போனஸ் வந்ததும் நேரே என்னிடம் வருவாள். “உனக்குத் தெரிஞ்சதை எடுத்து வைக்கா” என்பாள். உறையைக்கூடத் திருப்பிப் பார்க்கமாட்டாள். ஒன்றிரண்டைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோவாள். மற்றது என் லாக்கர் அறையில் அவள் பேர் எழுதிய டப்பாவில் இருக்கும். சொந்தத் தங்கச்சிக்குமா என்று உங்கள் கண் கேட்கிறது. சொந்தத் தங்கச்சி என்பதால்தான். அவளைவிட நம்பிக்கையான, விற்கவே மாட்டாத ஆள் எனக்கு வேறு யார் இருந்தார்கள்?

அவள் விற்கப் போகிறாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? ரிட்டையரான பிறகு மகன் வீட்டில் இருந்தாள். ஹாலில் படுக்கை. டிவி அணைந்த பிறகுதான் பாய் விரிக்க முடியும்; காலையில் மருமகள் வாசல் கூட்டுவதற்குள் சுருட்டிவிட வேண்டும். புகார் சொல்லமாட்டாள். ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள், “ஒத்த ரூமு போதும்க்கா. ஒரு ஜன்னல் இருக்கணும், அதை நான் நெனைச்ச நேரத்துல தொறக்கணும், அவ்வளவுதான்.” நான் அதை விளையாட்டு என்று நினைத்துவிட்டேன். அவள் வீடு பார்த்து, பேசி முடித்து, முன்பணத்துக்கு நாளும் குறித்திருக்கிறாள். டப்பாவில் இருப்பதை விற்றால் சரியாக வரும் என்று கணக்கு. அதற்கு முன்னால் கையில் இருந்த ஒன்றைப் பேத்தி பிறந்தநாளுக்குக் கொடுக்கலாம் என்று எடுத்தாளாம். ஓரத்தில் கறை. நர்ஸ் கை சும்மா இருக்குமா? கறையைப் பார்த்தால் கழுவுகிற கை.

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாட்டு வேளைக்கு நான் பாதி ஷட்டரை இறக்கி வைத்திருந்தபோது குனிந்து உள்ளே வந்தாள். சண்டையை ஏற்கெனவே சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். நான் கத்தி ஓய்ந்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உன்னை எவனோ நல்லா ஏமாத்தியிருக்கான்க்கா.”

பிடித்த கையைத் தட்டிக் கொடுத்தாள்.

“நீ மனசு ஒடைஞ்சு போயிடாத. எனக்கு வீடு இப்ப இல்லேன்னா பின்னால பாத்துக்கலாம். ஆனா உன்கிட்ட வாங்குனவங்கல்லாம் பாவம்க்கா. இன்னைக்குக் கிளாஸ்லயே சொல்லிடுவோம். எல்லாரும் கொண்டாந்து பாக்கட்டும். நானும் உன் பக்கத்துல நிக்கறேன், ஒருத்தரும் உன்னை ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க.”

பாருங்கள். திட்டியிருந்தால் சமாளித்திருப்பேன். பணத்தைக் கேட்டிருந்தால் தலையை அடகு வைத்தாவது கொடுத்திருப்பேன். அவள் எனக்கு நல்லது செய்யக் கிளம்பிவிட்டாள். நல்லது செய்யக் கிளம்பியவளைத் தடுத்து நிறுத்த வழியே கிடையாது; சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

“மொதல்ல என் டப்பாவைப் பாக்கறேன். எது நல்லது, எது கெட்டதுன்னு பிரிச்சு வைக்கிறேன். நீ சாப்பிட்டியா?” என்று கேட்டாள். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போனைக் கவுண்டர் மேல் வைத்துவிட்டு, லாக்கர் அறைக்குள் போனாள்.

அந்த அறையை நீங்கள் பார்த்தீர்கள். பீரோவைவிடக் கொஞ்சம் பெரிசு. கதவு இரும்பு, நாலு பக்கமும் ரப்பர். வெள்ளிக்குக் காற்று ஆகாது, தம்பி. காற்றுப் பட்டால் கறுத்துவிடும். அதற்காக வீட்டுக்காரர் பார்த்துப் பார்த்துக் கட்டியது. உள்பக்கக் கைப்பிடி எப்போதோ உடைந்தது. ரிப்பேருக்கு ஆளை உள்ளே விட எனக்கு இஷ்டமில்லை. கதவு தன் கனத்துக்குத் தானே சாத்திக்கொள்ளும் என்பதால் கீழே ஒரு மரக்கட்டை கொடுத்து வைப்போம். அந்தக் கட்டைக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்தது தங்கச்சிதான். “மறந்து காலால தட்டிவிட்டுடப் போறக்கா. செவப்புன்னா கண்ணுக்குத் தெரியும்” என்று சொல்லி, ஒரு லீவு நாள் முழுக்க உட்கார்ந்து இரண்டு கோட் அடித்தாள்.

கட்டை நழுவியது என்று முதலில் உங்களிடம் சொன்னேன். நீங்கள் அன்றைக்கு மாடியில் எடுத்த போட்டோவை மேஜையில் வைத்தீர்கள். வகுப்பு முடிகிற அன்று எல்லாரும் சேர்ந்து எடுத்துக்கொள்வது வழக்கம். நான் நடுவில். டெய்லரம்மா என் தோளில் கை போட்டிருக்கிறார். முன்னால் மேஜை, மேஜையில் பாடத் தாள்கள், ஃபேன் காற்றில் பறக்காமல் அவற்றின்மேல் சிவப்புக் கட்டை. கையோடு எடுத்துப் போயிருக்கிறேன். எடுத்ததும் வைத்ததும் எனக்கு நினைவில்லை. கையில் கிடைத்ததைத் தாளின்மேல் வைக்கிற கை. நழுவிய கட்டை மாடி ஏறாது என்றீர்கள். ஒப்புக்கொள்கிறேன். குனிந்து எடுத்தது நான்தான்.

வகுப்பை எப்படி எடுத்தீர்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். எப்போதும்போல எடுத்தேன். ஜனங்கள் வந்து காத்திருந்தார்கள். பஸ் டிரைவர் கேட்டார், “வெள்ளி கறுத்துப் போனா என்னக்கா பண்றது?” தேய்க்காதீர்கள், காற்றுப் படாமல் வையுங்கள் என்றேன். கீழே என் அறை இருக்கிறதே, ஒரு பொட்டுக் காற்றுப் போகாது என்றேன். “நீங்க எதையும் நறுக்குன்னு செய்றவங்களாச்சே” என்று டெய்லரம்மா சிரித்தார். நானும் சிரித்தேன். போட்டோவில் அந்தச் சிரிப்புத்தான் இருக்கிறது.

வகுப்பு முடிந்து இறங்கி வந்தபோதாவது திறந்திருக்கலாமே என்கிறீர்கள். திறந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, நான் இன்னார் என்று அவளிடம் சொல்ல வேண்டும். அறுபது வருஷமாக அக்கா அக்கா என்று காலைச் சுற்றியவளிடம். அதை அவள் தாங்கமாட்டாள். என் தங்கச்சியை எனக்குத் தெரியும். கடைசிவரை அக்கா நல்லவள் என்ற நினைப்போடு போனாள். அந்த நினைப்பில் ஒரு கீறல் விழவில்லை, உறை பிரியவில்லை. எத்தனை பேருக்குத் தம்பி அப்படி ஒரு சாவு கிடைக்கும்? ஷட்டரைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலையில் நானே திறந்து, நானே உங்களுக்குப் போன் செய்தேன்.

கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஏமாற்றினேன் என்று மட்டும் எழுதாதீர்கள். வாங்கின யாராவது இதுவரை வந்து புகார் கொடுத்தார்களா? இனிமேல் கொடுத்தால் அது நீங்கள் கிளப்பிவிடுவது. வீட்டுக்குப் போனதும் உங்கள் அம்மாவின் பீரோவைத் திறப்பீர்கள், அதுவும் எனக்குத் தெரியும். என் பேச்சைக் கேளுங்கள், அந்த உறையைப் பிரிக்காதீர்கள். அம்மா நிம்மதியாக இருக்கட்டும்.

கதவு சாத்திய பிறகு அவள் கத்தினாளா, கெஞ்சினாளா என்று கேட்டீர்கள். இரண்டும் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று. நான் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். உள்ளே டப்பா மூடுகிற சத்தம். பிறகு கதவோரம் வந்து பேசினாள். ஈரத் துணிக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது குரல். வார்டில் பயந்த நோயாளியிடம் பேசுவாளே, அந்தக் குரல்.

“அக்கா, கட்டை நழுவிடுச்சு போல. நீ பதறாத. மெதுவா வந்து திற, நான் உள்ளதான் இருக்கேன்.”