கோயிலுக்குப் போன வலையும் எங்கள் கிறிஸ்துநாயகம் அண்ணையும்

உவர்க்காற்றில் உழன்றும் உள்ளம் துருப்பிடிக்காத உத்தமரே! கடலோடு கதைப்பவர்கள் நடுவே கருவியோடு கதைத்த காவலரே! எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்தின் தொழில்நுட்ப உதவியாளர் கிறிஸ்துநாயகம் அண்ணையே, வணக்கம்!

ஓய்வுபெறும் உங்களை வாழ்த்தி வழியனுப்புவதா, வாசலை மறித்துக்கொண்டு நிற்பதா என்று இந்த வரியை எழுதும்வரைக்கும் எங்களுக்குத் தெளிவில்லை. ஆகையால், சபையோர் அறிய அண்ணையின் கதை ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறோம்.

கடலோரக் களப்பில் கட்டிய வலை அசைந்தாலோ அறுந்தாலோ கரைக்குச் செய்தி அனுப்பி, அது இருக்கும் இடத்தையும் காட்டும் சென்சர்கள் சங்கத்துக்கு வந்தபோது, அவற்றை நம்பியவர் இவர் ஒருவரே. பாசி சுரண்டி, நல்ல தண்ணீரில் கழுவி, பற்றரி மாற்றி, பிள்ளை வளர்ப்பதுபோல் பார்த்தார். "வலையை விட்டு இதை ஒருக்காலும் கழட்டக்கூடாது" என்று மீனவர்களின் வாடிவாடியாகப் போய்ச் சொன்னவரும் இவரே. தயங்கி நின்ற சூசைதாசனின் வலையில் தம் கையாலேயே ஒன்றைக் கட்டிவிட்டார். சூசைதாசனுக்கு இருந்தது அந்த ஒரே வலை. அது போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

கோயில் திருநாளுக்கு முந்திய ஒரு காலையில் அண்ணையின் தொலைபேசி அலறியது. சூசைதாசனின் வலை நகர்கிறது! படகேறிப் பறந்தார். களப்பில் வலை கட்டிய தடிகள் நின்றன, வலையைக் காணவில்லை. தொலைபேசித் திரையைப் பார்த்தால், வலையைக் குறிக்கும் புள்ளி வீதியில் ஊர்ந்துகொண்டிருந்தது.

"உந்த வலை என்ன, றோட்டிலையோ நீந்துது?" என்று கத்தினார்.

கள்ளன் கொண்டுபோகிறானா, கருவிக்குத்தான் விசர் பிடித்துவிட்டதா, ஒன்றும் விளங்கவில்லை. கள்ளனென்றால் சூசைதாசன் கெட்டான். விசரென்றால் இனி எவன் சென்சரை நம்புவான்? அண்ணை படகைக் கரைக்குத் திருப்பினார். புள்ளி திரும்பியது, பிறகு நின்றது. நின்ற இடம் கோயில்.

நனைந்த சாரத்தோடு ஓடிவந்தவர் கண்டது, ஆண்டுதோறும் நடக்கும் வலை ஆசீர்வாதம். வருடாவருடம் முன்வரிசையில் நிற்பவர், பதற்றத்தில் அதையே மறந்துபோனார். பங்குச் சுவாமி தீர்த்தம் தெளிக்க, சூசைதாசன் தன் வலையோடு கைகூப்பி நின்றான்.

"ஏன்ரா அதைக் கழட்டாமல் கொண்டந்தனீ?"

"நீங்கள்தானே அண்ணை, ஒருக்காலும் கழட்டக்கூடாதெண்டனீங்கள்!"

கோயில் சிரித்தது. வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவர்களுக்கு அவல் கிடைத்தது. எல்லாச் சென்சரையும் கடலில் எறியச் சொன்னார்கள். அண்ணை மட்டும் சிரிக்கவில்லை.

"வலை வெளிக்கிட்டுதெண்டு சொன்னது பொய்யோ? சொன்ன இடத்திலைதானே கிடக்கு?"

 திருநாள் முடிந்ததும், எறியச் சொன்னவர்களே சென்சர் கட்டித்தரச் சொல்லித் தங்கள் வலைகளோடு சங்க வாசலில் வந்து நின்றார்கள்.

அண்ணை! இம்மேடையின் பின்னால் அலங்காரமாகத் தொங்குவது சூசைதாசனின் அதே வலைதான். இதை வாசிக்கும்போது உங்கள் சட்டைப்பை அலறக்கூடும், தயவுசெய்து எழும்பவேண்டாம். நீங்கள் கட்டியதைக் கழற்ற எங்களுக்கு இன்றும் துணிவில்லை.

நோய் அணுகாது, நொடி அணுகாது, பேரப்பிள்ளைகள் சூழப் பல்லாண்டு வாழ்க! நாளை முதல் சென்சர்களைக் கழுவுவதும் பற்றரி மாற்றுவதும் எங்கள் எழுதுவினைஞர் ஸ்ரெல்லாவின் பொறுப்பு. செய்திகள் அவரின் தொலைபேசிக்கு வரும். உங்களுடைய இலக்கத்தை மட்டும் நீக்கவில்லை. எப்படி நீக்குவதென்று நீங்கள் சொல்லித்தான் தந்தீர்கள். மனந்தான் வரவில்லை, அண்ணை.

என்றும் உங்கள் குரலுக்குக் காத்திருக்கும்,
சங்கப் பணியாளர்களும் அங்கத்தவர்களும்,
குருநகர்.