சக்கரத்துக்கு மேலே எழுதிய எண்

வெயில் காலத்தில் அந்தப் பெயின்ட் சீக்கிரம் காய்ந்துவிடும், சார். வண்டி நிழலில் நின்றால்தான் கொஞ்சம் கூடுதலாக நேரம் பிடிக்கும். அன்று காலை பிக்கப் வண்டி என் கடை முன்னால் வேப்பமரத்து நிழலில் நின்றது. அதனால்தான் அதன் டிரைவர் காத்தான் தொட்டுப் பார்த்தபோது விரலில் ஒட்டிக்கொண்டது. அவன் அதைச் சட்டைப் பை ஓரத்தில் துடைத்துக்கொண்டான். செத்துக் கிடந்தபோது அவன் சட்டையில் நீங்கள் பார்த்த வெள்ளைக் கறை அதுதான். கேட்டது நல்லதாகப் போயிற்று. மற்ற போலீஸ்காரர்கள் எல்லாரும் என்ன வேகத்தில் போனான், குடித்திருந்தானா என்பதையே திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். காத்தான் குடிக்க மாட்டான். வண்டியை உருட்டிக்கொண்டு போவதைப் போலத்தான் ஓட்டுவான்.

நீங்கள் இன்ஸ்பெக்டர், உங்களிடம் ஒழுங்காகச் சொல்கிறேன். என் பெயர் பாலசுந்தரம். நாமக்கல்லில் சேலம் ரோட்டில் டயர் கடை வைத்திருக்கிறேன். டயர் மாட்டுவேன், பஞ்சர் பார்ப்பேன், காற்றுப் பிடிப்பேன். இந்த ஊரில் டயர் கடைக்கும் லாரிக்கும் பஞ்சமில்லை. ஆனால் எந்த வண்டிக்கு எந்த டயர் என்று கேட்டால் உட்காரவைத்துச் சொல்பவன் நான் ஒருவன்தான். டயரின் பக்கவாட்டில் ஒரு எண் போட்டிருக்கும். அது எவ்வளவு பாரம் தாங்கும் என்பதற்கான எண். அதை யாரும் படிப்பதில்லை. ரோட்டில் படுகிற பட்டன் தேயாமல் பளபளவென்று இருக்கிறதா, ரிம்மில் உட்காருகிறதா, அவ்வளவுதான் பார்ப்பார்கள்.

அதனால் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. டயர் மாட்டியதும் பின் சக்கரத்துக்கு மேலே, பாடியில், வெள்ளைப் பெயின்ட்டால் எழுதிவிடுவேன். லாரிக்காரர்கள் காற்றின் அளவை எழுதிவைப்பார்கள் இல்லையா, அதுபோல. நான் கூடவே எத்தனை மூட்டை ஏற்றலாம் என்றும் எழுதுவேன். கிலோக் கணக்கு கம்பெனிக்காரனுக்கு. டிரைவர் மூட்டையைத்தானே எண்ணுகிறான்.

சரவணக்குமாரை உங்களுக்குத் தெரியும். கோழிப்பண்ணை முதலாளி. எனக்குத் தூரத்துச் சொந்தம், மாமா என்றுதான் கூப்பிடுவான். அவனுடைய பிக்கப் காலையில் முட்டை ஏற்றிக்கொண்டு சேலம் போகும். வெறும் வண்டியாகத் திரும்பினால் டீசல் வீண் என்று, வரும்போது செவ்வாய்ப்பேட்டை மண்டியிலிருந்து தீவனத்துக்கு மக்காச்சோள மூட்டை ஏற்றி வரும். போகும்போது அட்டை அட்டையாக முட்டை, வரும்போது மூட்டை. சிக்கல் இதில்தான் இருக்கிறது, சார். மூட்டைக்கு விறைப்பான டயர் வேண்டும். விறைப்பான டயர் பள்ளத்தில் இறங்கினால் குலுக்கும், முட்டையில் கீறல் விழும். மெத்தென்ற டயர் போட்டால் முட்டை பிழைக்கும். ஆனால் மூட்டை ஏறினால் அந்த டயர் வளையும். வளைய வளையச் சூடாகும். நம்முடைய பங்குனி, சித்திரை வெயிலில் தார் ரோடே கொதிக்கும். அப்புறம் ஒருநாள் பக்கவாட்டில் பிளந்துவிடும். இரண்டுக்கும் ஒரே டயர் என்று ஒன்று கிடையாது. எது முக்கியம் என்று ஒருவன் முடிவு செய்துதான் ஆக வேண்டும்.

டயர் தேய்ந்துபோனதும் சரவணக்குமார் என்னிடம்தான் வந்தான். பக்கத்து டீக்கடையில் பெஞ்சு நிறைய ஆள். நான் அவனுக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். விறைப்பான டயரே போடு, அட்டைகளுக்கு அடியில் தேங்காய் நார் மெத்தை விரி, முட்டைக்கும் சேதாரமில்லை என்றேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். கடைசியில் டீக்கடைப் பக்கம் திரும்பிக் கண்ணடித்தான்.

"ஏனுங் மாமா, டயருக்குப் பத்துப் பொருத்தமும் பாத்தாச்சுங்களா? செவ்வாய் தோஷம் ஏதாச்சும் இருக்குதுங்களா?"

பெஞ்சே சிரித்தது. அன்றிலிருந்து எனக்குப் பெயர் டயர் ஜோசியர். ஆட்டோக்காரன்கூட வந்து, "ஜோசியரே, காத்துப் புடிங்க, ராகு காலம் வரப்போவுது" என்பான். நானும் சிரித்துக்கொண்டே பிடிப்பேன். எனக்குக் கோபம் வந்ததா என்று கேட்கிறீர்கள். வந்தது. ஆனால் நான் கத்துகிறவன் இல்லை. என் அப்பா கத்திக் கத்தியே தொண்டை கெட்டவர். கோபத்தைச் செலவழிக்காமல் வைத்திருந்தால் அது கெட்டுப்போகாது என்பதை நான் சின்ன வயதிலேயே தெரிந்துகொண்டேன்.

இன்னொன்றையும் கேட்டால்தான் உங்களுக்குப் புரியும். பரமத்தி வேலூரில் வேல்முருகன் என்று ஒருவர், வாழைத்தார் வியாபாரி. ஒருமுறை அவர் வண்டியில் ஒரு டயரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இது அடுத்த லோடு தாங்காது, மாற்றுங்கள் என்றேன். நல்ல மனிதர், மாற்றிவிட்டார். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததால் என்ன சொன்னார் தெரியுமா? "பாலு சும்மா பயமுறுத்தி யாவாரம் பண்றானுங்க" என்று ஊரெல்லாம் சொன்னார். நான் சொன்னதைக் கேட்டதால்தானே ஒன்றும் ஆகவில்லை? அதை யாரிடம் போய் நிரூபிப்பது? வெடிக்காத டயரை யாரும் சாட்சிக்கு அழைப்பதில்லை. இது எனக்குள் ரொம்ப நாள் கிடந்தது, சார். சொல்வதைக் கேட்காதவன் அடிபட்டால், கடைக்காரன் எடுத்துச் சொல்லவில்லை என்பார்கள். கேட்டவன் பிழைத்தால், கடைக்காரன் புளுகினான் என்பார்கள். ஊதுகிற சங்கை ஊதுகிறேன் என்று எத்தனை காலம் ஊதுவது?

அன்று காலை சரவணக்குமார் பின் சக்கரத்துக்கு இரண்டு புது டயரைக் கொண்டுவந்து இறக்கினான். கார் டயர். வேறு கடையில் வாங்கியது. ரிம்மில் அச்சாக உட்காரும், பார்க்கவும் அழகாக இருக்கும். பக்கவாட்டைப் பார்த்தேன். பழைய டயர் தாங்கியதில் பாதிப் பாரம்கூடத் தாங்காது.

"மாட்டி மட்டும் உடுங்க மாமா. முட்டை தொட்டில்ல தூங்கறாப்புல போவோணும்."

"மூட்டை ஏத்துனா தாங்காது, சரவணா."

"அதெல்லா தாங்குமுங். வெடிச்சா வந்து உங்க கால்ல உழுகறேன், போதுங்களா?" மோட்டார் சைக்கிளை உதைத்தான். திரும்பி, டீக்கடைக்கும் கேட்கும்படி, "அப்புடியே மேல அந்த ஜாதகத்தையும் எழுதி உட்டுருங்க. அழிஞ்சு கெடக்குது" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பெஞ்சு மறுபடியும் சிரித்தது.

நான் மாட்டினேன். காத்தானும் லோடு இறக்க வரும் இரண்டு பெண்களும் டீ குடிக்கப் போனார்கள். பாப்பாயி, மாரக்காள். இருவரும் பண்ணையில் முட்டை அடுக்குகிறவர்கள். போகும்போது கேபினில் நெருக்கிக்கொண்டு போவார்கள், வரும்போது மூட்டைமேல் உட்கார்ந்து வருவார்கள். அது எனக்குத் தெரியும். தெரியாது என்று நான் சொல்லவில்லை. பாப்பாயி எல்லாரையும் சாமி என்றுதான் கூப்பிடும். புது டயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஏஞ்சாமி, இனி இடுப்பு நோகாதா?" என்றது. "நோகாது" என்றேன். அது உண்மைதானே, மெத்தென்ற டயர்.

காத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் எழுதியதை மதித்தவன் அவன் ஒருவன்தான். பழைய டயருக்கு இருபத்தைந்து மூட்டை என்று எழுதியிருந்தேன். மண்டியில் முதலாளி போன் போட்டு இன்னும் இரண்டு ஏற்று என்றால், "முடியாதுங்க, பாலண்ணன் எழுதி வெச்சிருக்குது, இதுக்கு மேல ஒண்ணு ஏறுனாலும் நான் சாவியக் குடுத்துட்டு பஸ் ஏறிருவனுங்க" என்பானாம். அவனே வந்து சிரித்துக்கொண்டு சொல்வான். முதலாளியிடம் அவனுக்கு இருந்த ஒரே துணை அந்த எழுத்துதான். எல்லாரும் ஜோசியர் என்றபோதும் அவன் மட்டும் அண்ணா என்றுதான் கூப்பிட்டான்.

டீயைக் குடித்துவிட்டு வந்து சக்கரத்துக்கு மேலே தொட்டுப் பார்த்தான். அப்போதுதான் விரலில் பெயின்ட் ஒட்டியது.

"ஏனுங்ணா, அதே இருவத்தஞ்சுதானுங்களா? டயரு சன்னமாத் தெரியுது. தாங்குமுங்களா?"

"தாங்கும்" என்றேன்.

"நீங்க சொன்னாச் சரிங்ணா. போயிட்டு வாரனுங்" என்று ஏறிக்கொண்டான்.

நேற்று உங்கள் எஸ்.ஐ.யிடம் நான் சொன்னது, பழைய எழுத்து மங்கியிருந்தது, அதன் மேலேயே பழக்கதோஷத்தில் பூசிவிட்டேன் என்று. அவர் அதை எழுதிக்கொண்டார். கவனக்குறைவு என்றார். அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் உங்களைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். என் தொழிலில் நான் கவனக்குறைவாக இருந்ததே இல்லை, சார். இவ்வளவு நாளும் என்னைப் பைத்தியம், ஜோசியன், புளுகன் என்று சொன்னார்கள். கடைசியில் கவனமில்லாதவன் என்றும் சொல்லிவிட்டுப் போவதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

நான் முதலில் சரியாகத்தான் எழுதினேன். பழைய எழுத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, பன்னிரண்டு மூட்டை என்று எழுதினேன். அந்த டயருக்கு அதுதான் கணக்கு. எழுதி முடித்துப் பின்னால் நகர்ந்து நின்று பார்த்தேன். நல்ல எழுத்து. அப்போது எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. காத்தான் இதைப் பார்ப்பான். பன்னிரண்டுக்கு மேல் ஏற்ற மாட்டான். முதலாளி தொண்டை கிழியக் கத்தினாலும் ஏற்ற மாட்டான். டயர் தாங்கும். இன்றைக்கும் தாங்கும், ஆடி மாதமும் தாங்கும், அடுத்த வருசமும் தாங்கும். சரவணக்குமார் டீக்கடையில் உட்கார்ந்து, "பாத்தீங்களா, மாமா என்னமோ வெடிக்கும்னாரு" என்பான். பெஞ்சு சிரிக்கும். நான் செத்த பிறகும் சிரிக்கும்.

கந்தல் துணியைப் பெட்ரோலில் நனைத்து அதைத் துடைத்தேன். பாடி சுத்தமாகும்வரை துடைத்தேன். பிறகு இருபத்தைந்து என்று எழுதினேன். வேண்டுமானால் போய்ப் பாருங்கள், கோடு எவ்வளவு நேராக இருக்கிறது என்று. அந்தப் பக்கம் தகரம் நசுங்கவில்லை.

டயர்தான் வெடிக்க வேண்டும் என்று நினைத்தேன். ஆள் சாக வேண்டும் என்று நினைக்கவில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். ஆனால் மூட்டைமேல் ஆள் இருக்கும்போது டயர் வெடித்தால் என்ன ஆகும் என்று யோசித்தாயா என்று கேட்டீர்கள். டயர் வரைக்கும் யோசித்தேன். என் வேலை டயர்தானே.

மதியத்துக்கு மேல் புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் என்று செய்தி வந்தது. பெஞ்சில் இருந்தவர்களோடு நானும் போனேன். வண்டி சென்டர் மீடியனில் ஏறிச் சாய்ந்து கிடந்தது. ரோடு முழுக்க மக்காச்சோளம். காத்தான் ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவில் இருந்தான். பாப்பாயியின் மேல் சேலையைப் போர்த்தியிருந்தார்கள். மாரக்காளை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள், கால் நசுங்கியிருந்தது. நான் நேராகப் பின் சக்கரத்திடம் போனேன். பக்கவாட்டில் பிளந்திருந்தது, சார். நான் எப்போதும் விரலை வைத்துக் காட்டுவேனே, அதே இடத்தில். உள்ளே கருகிப்போயிருந்தது. சூடு இன்னும் இருந்தது.

சரவணக்குமார் ரோட்டோரமாகத் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் போய் நின்றேன்.

"நான் சொன்னனா இல்லையா, சரவணா?"

"சொன்னீங்க மாமா" என்று அழுதான். "நீங்க சொன்னீங்க மாமா, நாந்தான் கேக்கல." அத்தனை பேருக்கும் முன்னால் என் காலைப் பிடித்துக்கொண்டான். ஒருவரும் சிரிக்கவில்லை.

அங்கேயே நின்று மூட்டைகளை எண்ணினேன். கிழிந்தவற்றையும் சேர்த்து எண்ணினேன். இருபத்தைந்து. ஒன்றுகூட அதிகமில்லை. காத்தான் என் சொல்லை ஒருநாளும் மீறியதில்லை. இந்த ஜில்லாவில் எல்லாரும் அவனைப் போல இருந்தால் விபத்தே நடக்காது என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னேன். அவர் என்னை ஏன் அப்படிப் பார்த்தார் என்று இப்போதுவரை புரியவில்லை.

இதுதான் நடந்தது. நீங்கள் எந்த இடத்தில் சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஜாமீனுக்கு வக்கீல் பார்க்க வேண்டாம் என்று என் மனைவி ஜானகியிடமும் சொல்லிவிட்டேன். எனக்கு ஒரே ஒரு உதவி வேண்டும். நீங்கள் கைப்பற்றி ஸ்டேஷன் பின்னால் போட்டிருக்கிறீர்களே, அந்த டயர். அதை மழையில் கிடக்கவிடாதீர்கள். கேஸ் முடிந்ததும் என் கடைக்குக் கொடுத்துவிடச் சொல்ல முடியுமா, சார்? வேப்பமரத்தில், டீக்கடை பெஞ்சுக்கு நேராக மாட்டிவைக்கச் சொல்கிறேன். மேலே வெள்ளைப் பெயின்ட்டில் தெளிவாக எழுதச் சொல்வேன், பன்னிரண்டு மூட்டை என்று. இனிமேலாவது கேட்பார்கள். கொடுப்பீர்களா, சார்?