தலைக்குள் இருக்கும் வலைக்கு ஓர் அட்டை

வள்ளியூர் பஸ்ஸில் கண்ணை மூடித் தூங்கத்தான் பார்த்தேன். முன்சீட்டில் ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம் இப்படிக் கேட்டதும் தூக்கம் போய்விட்டது.

"மைனி, அண்ணனுக்கு மூளை ரத்தக்குழாயில கம்பிவலை வச்சிருக்குல்லா? எம்ஆர்ஐ எடுக்கையில காந்தம் அதை இழுத்திராதா?"

"ஸ்கேன் எடுக்குற பிள்ளையும் வலையைப் பத்தித்தான் கேட்டா. 'எல்லா வலையும் ஒண்ணுபோல இல்லம்மா, எந்த வலைன்னு தெரியாம உள்ள விடமாட்டோம்'னுட்டா. உங்க அண்ணன் முழிக்காக. வலை வச்சப்போ ஆஸ்பத்திரில தந்த அட்டையைக் குப்பையில போடப் பாத்தவுகதான!"

"பொறவு?"

"நான் பையைத் தொறந்தேன். எனக்கு இங்கிலீஷ்ல ஒரு எழுத்து தெரியாது. ஆனா அட்டை ரேஷன் கார்டோட பத்திரமா இருந்துச்சு. டாக்டர் வந்து அதுல வலையோட பேரு, நம்பரெல்லாம் பாத்துட்டு, 'இந்த வலைக்கு இங்க எடுக்கலாம்'னாரு. டமடமன்னு சத்தம். உங்க அண்ணன் சிரிச்சுக்கிட்டே வெளிய வந்தாக."

எதிர்சீட்டிலிருந்த மைனியின் கணவர் கையை நீட்டினார்.

"அட்டையை இங்கன தா. நானே வச்சுக்கிடுதேன்."

அவள் பையை மடியோடு அணைத்துக்கொண்டாள்.

"வலை உங்க தலையிலயே இருக்கட்டும். பட்டா எங்கிட்ட இருக்கட்டும்."