வாசல் கள்ளி

— வாசல் செடியை யாரோ வேரோட பிடுங்கிப் போட்டுட்டாங்களாமே அண்ணி? கேள்விப்பட்டதும் ஓடி வந்தேன்.

— வாங்க தம்பி. தண்டுதான் போச்சு... வேர் வரல.

— ஆடு மாடு ஏதாவது...

— இது கள்ளி இனம். ஒடிச்சா பாலா வடியும். எந்த ஆடும் வாய் வைக்காது.

— அதைத்தான் நானும் சொல்றேன். வாசல்ல போய் யாராவது கள்ளி வளர்ப்பாங்களா?

— முள்ளுக்கள்ளி இல்ல, இது பூக்குற கள்ளி. குளிர்ல மொத்தமா கருகிடும். செத்துச்சுன்னு நினைப்பீங்க. வெயில் வந்ததும் மெத்தை மாதிரி எழும்பி, தலை முழுக்க மஞ்சள். அப்புறம் இலையெல்லாம் செவக்கும்.

— அந்த மஞ்சள்தான் கண்ணை உறுத்துது. அண்ணன் போய் ஒரு வருஷம்கூட ஆகல. ஊர் என்ன பேசும்?

— ஊரா பேசுது?

— சரி... நான்தான் பேசுறேன். அந்த இடத்துல என் பட்டறைக்கு ஒரு கொட்டகை போட்டா நாலு வண்டி நிக்கும். நீங்களும் எதுக்குத் தனியாக் கஷ்டப்படணும்? பேசாம உங்க அம்மா வீட்டுக்கு...

— பேசாம இருந்ததெல்லாம் போதும். இது என் வீடு தம்பி. இங்க படுத்தாத்தான் எனக்குத் தூக்கம் வருது.

— உங்க நல்லதுக்குத்தான் அண்ணி...

— டீ ஆறுது, எடுத்துக்குங்க. என்ன, இடது கையில வாங்குறீங்க?

— வலது கை... வண்டி சைலன்சர் சுட்டுடுச்சு.

— விரல் இடுக்கெல்லாமா சுடும்? காட்டுங்க. கொப்புளம் கொப்புளமா... ஐயோ, அந்தக் கையால கண்ணைத் தேய்க்காதீங்க. பால் பட்டா கண்ணுக்கே ஆபத்து.

— எந்தப் பால்?

— கையுறை போடாம அந்தத் தண்டை ஒடிச்சா இப்படித்தான் வெந்துபோகும்.

— அண்ணி, நான் வந்து...

— முதல்ல சோப்புப் போட்டுக் கழுவுங்க. அப்புறம் டாக்டர்கிட்ட காட்டுங்க.

— ...சரி, நான்தான் பிடுங்கினேன். இப்ப என்ன? மறுபடி நட்டா மறுபடி பிடுங்குவேன். ஒத்தப் பொம்பளை, எத்தனை தடவை நடுவீங்க?

— யாரு ஒத்தை? பின்பக்கம் போய்ப் பாருங்க, வேலி ஓரம் முழுக்கப் புதுக் கன்னு வெச்சாச்சு. நீங்க பிடுங்கினதை வந்து சொன்னதும், காலையில நர்சரிக்குப் போய் வாங்கிட்டு வந்ததும், கையுறை மாட்டிக்கிட்டு என்கூட உக்காந்து நட்டதும் உங்க பொண்டாட்டிதான்.