பதினெட்டு நிமிடம்

சூடேறும் லப்டொப்பை மாற்றிவிட்டுப் புது லப்டொப் வாங்குவதா, சோற்றுப் பெட்டி அளவில் வருகிற சின்ன டெஸ்க்டொப் வாங்குவதா என்பது யாருக்கும் வரக்கூடிய யோசனைதான். எனக்கு அது மே மாதம் வந்தது, செப்டெம்பரில் முடிந்தது. நிறுவன விசாரணைக்காக நீங்கள் கேட்டிருப்பது ஒக்டோபர் பதினான்காம் திகதி அருமைநாயகி என்ற பெண்ணுக்கு நடந்ததைப் பற்றி. அதை விளங்கப்படுத்த நான் லப்டொப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

என் பெயர் சந்திரவதனா. கோலியர்ஸ் வுட்டில், வீட்டு மேல்மாடியின் சின்ன அறையிலிருந்து மொழிபெயர்க்கிறேன். ஆஸ்பத்திரிக்கோ நகரசபைக் கவுன்சிலுக்கோ ஆங்கிலம் தெரியாத ஒரு தமிழ் ஆளோடு பேச வேண்டுமென்றால் நிறுவனம் அந்த அழைப்பை என் கணினிக்குத் திருப்பிவிடும். அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் எங்கள் சனம், நடுவில் என் குரல். பதினொரு வருடமாக இதுதான் வேலை.

ஒரு அழைப்பு தொடங்கினால் லப்டொப் பதினெட்டு நிமிடம் தாங்கும். அதற்குமேல் உள்விசிறி இரையும். இருபதில் திரை கறுத்து அழைப்பு அறுந்துவிடும். மாதத்தில் மூன்று அழைப்பு அறுந்தால் அடுத்த மாதம் ஷிப்ட் இல்லை. லப்டொப்பைக் கேக் ஆறவைக்கிற கம்பித்தட்டில் தூக்கி வைத்தேன். உறைந்த பட்டாணிப் பையைத் துவாயில் சுற்றித் தட்டுக்கு அடியில் வைத்தேன். என் கணவர் பவித்திரன் பஸ் கராஜில் வேலை செய்கிறவர். ஒருநாள் லப்டொப்பின் முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "நீர் மொழிபெயர்க்கிறீரோ, தோசை சுடுறீரோ?" என்று கேட்டார்.

சின்ன டெஸ்க்டொப் எடுக்கச் சொன்னது அவர்தான். மூச்சுவிட இடமுள்ள பெட்டி, பழுதானால் திறக்கலாம் என்றார். நான் மறுத்தேன். திரை வேறு, மைக் வேறு, வயர் வேறு, மேசையில் இடமில்லை. லப்டொப் என்றால் குசினிக்கும் கொண்டுபோகலாம் என்றேன். "குசினிக்குள்ளை எந்த நாள் இருந்து வேலை செய்தனீர்?" என்றார் அவர். செய்ததில்லை. கதவைப் பூட்டிக்கொண்டு செய்ய வேண்டிய வேலை இது. ஆனாலும் நான்கு மாதம் இழுத்தேன். ஏனென்றால் அதற்குள் எனக்குப் பதினெட்டு நிமிடம் பழகிவிட்டது.

நான் ஆனையிறவு உப்பளத்தில் வேலை செய்த வீட்டுப் பிள்ளை. அம்மா உப்பு வாரினார், அப்பா சுமந்தார், பதினொரு வயதிலிருந்து நானும் வாரினேன். அங்கே யாரும் கதைப்பதில்லை. வெடித்த உதட்டோடு வாயைத் திறந்தால் எரியும். "தண்ணி", "பிடி", "தூக்கு". இந்த மூன்று சொல்லோடு ஒரு பகல் போய்விடும். அப்படி வளர்ந்த என்னைக் கொண்டுவந்து நாள் முழுக்கச் சனத்தின் கதையைக் கேட்க வைத்திருக்கிறார்கள்.

எங்கள் சனம் எப்படிக் கதைக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. டொக்டர் வயிற்றுவலி எப்போது தொடங்கியது என்று கேட்டால் மச்சாளின் கலியாணத்திலிருந்து வருவார்கள். எந்த ஊர், யாருடைய ஆள் என்று முதலில் என்னை விசாரிப்பார்கள். சொல்ல வேண்டிய விஷயத்தை எழும்பிப் போகும்போதுதான் சொல்வார்கள். செருப்பைப் போட்டுக்கொண்டு, படலையில் கைவைத்துக்கொண்டு, "அதோடை இன்னொண்டு" என்பார்கள். அந்த இன்னொன்றுக்காகத்தான் வந்திருப்பார்கள். இந்த நாட்டு டொக்டர்மாருக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும்.

பதினெட்டு நிமிடத்துக்குள் முடிக்க நான் கதையைச் சுருக்கினேன். முதலில் மச்சாளின் கலியாணத்தை வெட்டினேன். அதில் பிழையில்லை. பிறகு, கேட்ட கேள்விக்கு அவர்கள் எங்கே வந்து நிற்கப்போகிறார்கள் என்று தெரிந்தவுடன் நானே பதிலைச் சொன்னேன். பத்தில் ஒன்பது சரியாகவே வந்தது. ஆகஸ்டில், குறைந்த நேரத்தில் வேலை முடிக்கிற ஆட்களின் பட்டியலில் நிறுவனம் என் பெயரை முதலாவதாகப் போட்டது. அந்தப் பட்டியலைப் பாராட்டி எழுதியவர்களும் இன்று எனக்குக் கேள்வி அனுப்பியிருக்கிற நீங்களும் ஒரே ஆட்கள்.

அந்த மாதம் கவுன்சில் வீட்டு விஷயமாக ஒரு பெண் கதைத்தாள். ஹீட்டர் பழுது, ஈரச்சுவர், எல்லாம் சொன்னேன். பதினேழாம் நிமிடத்தில், "அக்கா, அதோடை இன்னொண்டு. அவர் கை நீட்டுறவர், பிள்ளையளுக்கும் அடி" என்றாள். விசிறி இரைந்துகொண்டிருந்தது. அவளுக்கு வேறு கேள்வி இல்லை என்று ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன். அவளுடைய அழைப்பு பிறகு எனக்கு வரவில்லை. அழைத்திருந்தால் வேறு யாரிடமாவது போயிருக்கும்.

அருமைநாயகிக்கு வருகிறேன். ஸ்ட்ரெதத்தில் இருந்தவர், ஐம்பத்தெட்டு வயது, ஹோட்டலில் துணி மடிக்கிற வேலை. பித்தப்பையில் கல். அன்றைக்கு மத்தியானம் ஒப்பரேஷன். அதற்கு முன்னம் டொக்டர் சில கேள்விகள் கேட்க என்னை அழைப்பில் எடுத்தார். எந்த மருந்தாவது ஒத்துவராமல் போனதா என்பது மூன்றாவது கேள்வி. அதை நான் சரியாகத்தான் தமிழில் கேட்டேன்.

"அதைச் சொல்லப்போனால் பிள்ளை, நாங்கள் செட்டிகுளத்திலை கூடாரத்துக்கை இருக்கேக்கை, இவள் தங்கச்சியின்ரை மோளுக்குக் காய்ச்சல் வந்து..." என்று தொடங்கினார்.

போர் முடிந்த காலத்து முகாம் கதை. இந்தப் பதினொரு வருடத்தில் அதை எத்தனை வாயால் கேட்டிருப்பேன். டொக்டருக்கு "இல்லை" என்று சொன்னேன். மற்றக் கேள்விகள் முடிந்தன. ஒப்பரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்துக்கு ஓம் என்றார். டொக்டர் நன்றி சொன்னார். அப்போதுதான் அருமைநாயகி சொன்னார்.

"பிள்ளை, இன்னொண்டு. அந்தக் கிருமிக்குப் போடுற ஊசி எனக்கும் போட்டவை. போட்ட உடனை தொண்டை அடைச்சு, ரெண்டு நாள் நினைவில்லாமல் கிடந்தனான். டொக்டர் பிள்ளைக்கு ஒருக்காச் சொல்லிவிடுங்கோ."

"சொல்லுறன் அக்கா" என்றேன்.

அவர் என்ன சொல்கிறார் என்று டொக்டர் கேட்டார். உங்களுக்கு நன்றி சொல்கிறார் என்றேன்.

வெட்டுவதற்கு முன்னம் கிருமி தொற்றாமல் அதே வகை ஊசியைத்தான் போட்டார்கள். பிறகு நடந்தது உங்கள் அறிக்கையில் இருக்கிறது. பக்கத்தில் இருந்த தங்கச்சி சிவரூபினி, அக்கா சொன்னதைத் தன் காதால் கேட்டதாக எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் சொல்வது உண்மை.

நான் இதை எழுத உட்கார்ந்தபோது பவித்திரன் கதவடியில் நின்றார். "லப்டொப் சூடாகி நிண்டு போச்செண்டு எழுதும். அது வாய் திறந்து இல்லையெண்டு சொல்லப்போகுதே?" என்றார். நீங்களும் அதைத்தான் எதிர்பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கருவிக் கோளாறா என்று கேட்டு, பக்கத்தில் அடையாளமிடக் கட்டமும் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். அதில் நான் அடையாளம் போடமாட்டேன். என் வாயில் பொய் வராது.

சின்ன டெஸ்க்டொப்பை செப்டெம்பர் மூன்றாம் திகதி வாங்கிவிட்டோம். பவித்திரன்தான் திரையும் வயரும் பூட்டித் தந்தார். நல்ல சாமான். ஒரு நாள் முழுக்க ஓடினாலும் கை வைத்தால் குளிர்ந்திருக்கும், சத்தமே இல்லை. அதற்குப் பிறகு என் ஒரு அழைப்பும் அறுந்ததில்லை. அருமைநாயகியின் அழைப்பும் அறுந்ததில்லை. அது ஒன்பது நிமிடத்தில் முடிந்தது. அவர் சொல்லச் சொன்னதைச் சொல்லியிருந்தால் பத்து நிமிடம் ஆகியிருக்கும். வரிசையில் வேறு யாரும் காத்திருக்கவும் இல்லை. அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது, அது என்ன ஊசி என்பதும் விளங்கியது. நான் சொல்லவில்லை.

ஏன் என்று கேட்டால், கதை முடிந்துவிட்டது. டொக்டர் நன்றி சொல்லியாகிவிட்டது. முடிந்ததைத் திரும்பத் திறக்கிற பழக்கம் எனக்கில்லை. டொக்டர் கேட்டபோதே அவர் சொல்லியிருக்க வேண்டும். மூன்றாவது கேள்விக்கே இரண்டு சொல்லில் சொல்லியிருந்தால் அந்த மனுசி இன்றைக்கும் துணி மடித்துக்கொண்டிருப்பார். அவருடைய சாவுக்கு நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை.

எனக்கு ஆங்கிலம் வரும், ஆனால் இதைத் தமிழில்தான் எழுதியிருக்கிறேன். யாரையாவது வைத்து மொழிபெயர்க்கத்தான் போகிறீர்கள். அந்த ஆளிடம் சொல்லிவிடுங்கள், என் கதையில் ஒரு சொல்லையும் வெட்டக் கூடாது.