ரெண்டு தடவ தட்டணும்

இல்ல ஆன்ட்டி, ரோபோன்னா நீங்க நெனைக்கிற மாதிரி தலை, கால்லாம் இருக்காது. ஒரே ஒரு கைதான். தரையில போல்ட் போட்டு நிக்கும். கார் தகட்டுல வெல்டிங் வைக்கும். அதுக்குச் சொல்லிக் குடுக்கறது நான். நான்னா, நானும் ஹர்ஷாவும். ஒரே கிளாஸ். கடைசி வருஷம், ரோபோடிக்ஸ் அண்ட் ஏஐ. இங்க புனேல, மகர்பட்டால ஒரு கம்பெனில ஆறு மாசமா இன்டர்ன்ஷிப். இன்னிக்கு ரெண்டு மணிக்கு டெமோ, ஆகுர்டில அந்தக் கார் ஃபேக்டரிலயே. பாஸானா அந்தக் கம்பெனிலயே வேலை.

பயமா? பயம்லாம் இல்ல. பாஸாயிடும். அதான் பிரச்சனையே. பாஸானா அந்த ஃபேக்டரி லைன்ல இருக்கற நாப்பது வெல்டருங்க வேணாம். அரே, நீங்க தமிழ்ல பேசினீங்களேன்னுதான் சொல்றேன். இந்த ட்ரெயின் பெட்டில வேற யாருக்கும் புரியாதுல்ல.

போகாம இருந்தாவா? ஹர்ஷா லேப்டாப்லயும் இதே ப்ரோக்ராம் இருக்கு. அவன் ஓட்டிடுவான். அந்த நாப்பது பேருக்கும் அதேதான் நடக்கும், எனக்கு மட்டும் வேலை போகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவரு ஆன்ட்டி. இதோ, அவன்தான் கூப்பிடறான். அடிக்கட்டும்.

அது எப்படிக் கத்துக்குதுன்னா, வெல்டருங்க வேலை செய்யற வீடியோ குடுப்பாங்க. மூஞ்சி தெரியாது, சத்தம் இருக்காது. வெறும் க்ளவுஸ் போட்ட கை. அதுல ஒரு கை, வெல்டு வைக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் தகட்டை விரல் முட்டியால டக்டக்னு ரெண்டு தடவ தட்டும். ரோபோவும் அதைப் பாத்து ரெண்டு தடவ தட்டுது! ஆஃபீஸே சிரிச்சுது. எங்க டீம் லீடர் சுஷ்மா மேடம், டைம் வேஸ்ட், எடுத்துடுன்னாங்க. எடுத்தேன். அன்னிலேர்ந்து பத்து வெல்டுல ஒண்ணு ஓட்டை.

மண்டையப் பிச்சுக்கிட்டு அப்பாகிட்ட போய்க் கேட்டேன். அப்பாவும் வெல்டர்தான், இருபத்தெட்டு வருஷமா. நான் அவர் வேலையப் பத்தி அதுவரைக்கும் ஒரு வார்த்தை கேட்டதில்ல. பொண்ணு கேக்குதேன்னு அவருக்கு ஒரே சந்தோஷம். சாப்பிடற தட்டு ரெண்டை ஒண்ணு மேல ஒண்ணு கவுத்து, நடுவுல பேப்பர் துண்டு வெச்சு, கண்ண மூடிக்க, இப்பக் கேளுங்கறார். பேப்பர எடுத்துட்டேன், இப்பக் கேளுங்கறார். தகடு ஒட்டி உக்காந்திருந்தா ஒரு சத்தம், இடைவெளி இருந்தா வேற சத்தம். எனக்குக் காது பழகற வரைக்கும் நாலு நாள் விடல. அம்மா சோறு ஆறுதுன்னு கத்தறாங்க, இவர் தட்டிக்கிட்டே இருக்கார்.

ரோபோவுக்குத் தட்டத் தெரியுது, கேக்கத் தெரியல. அவ்ளோதான் விஷயம். சின்னதா ஒரு மைக் மாட்டினேன். இப்ப ஆயிரம் வெல்டுல ஒண்ணு தப்பாகறதில்ல. மேடம் கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க. நான் பாத்ரூம் போய் அழுதேன்.

அப்பாவுக்கா? டெமோ காலேஜ்லன்னு நெனைச்சிட்டிருக்கார். காலேஜும் ஆகுர்டிதான். பொண்ணு பாஸாகப் போறான்னு அவர் லைன்ல எல்லாருக்கும் குடுக்க நேத்தே பால் பேடா வாங்கிட்டார். காலைல ஷிஃப்ட்டுக்குப் போற அவசரத்துல மறந்துட்டார். போற வழிதானே, அப்பா ஃபேக்டரி கேட்ல குடுத்துடுன்னு அம்மா என் பையில திணிச்சுட்டாங்க.

சின்ச்வட் போயிடுச்சா? அப்ப அடுத்தது ஆகுர்டி.

இல்ல ஆன்ட்டி, வீடியோல பேரு, ஊரு எதுவும் இருக்காது. ஆனா அப்பா வீட்லயும் அப்படித்தான். கேஸ் சிலிண்டர், தண்ணி டிரம், என் டிபன் டப்பா, எதையும் ரெண்டு தடவ தட்டாம தொட மாட்டார். மொத நாள் வீடியோ பாத்தப்பவே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அவர்கிட்ட போய்க் கேட்டேன்.

ஆமா, ஆகுர்டிதான். நீங்க உக்காருங்க, நான் இறங்கல. காலைல லோனாவ்லா வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தேன். அப்பவும் இறங்கல. இது மூணாவது தடவ. கெளம்பிடுச்சு பாருங்க.

பேடா எடுத்துக்கோங்க ஆன்ட்டி. நெறைய இருக்கு. நாப்பது பேருக்குன்னு எண்ணி வாங்கினார், தன்னையும் சேத்து.